மெட்ரோ பாதை தற்காலிக மூடல்: கடைசி ஸ்டேஷன் வரை போகலாமா, முன்னாலேயே இறங்கலாமா?

#1 கோட்டுப்புலி

மெட்ரோ பாதையில் ஒரு துண்டைப் பராமரிப்புக்காக மூடினால் எப்படிப் போய்வருவது என்று பத்து இழைகளில் பத்து விதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். இங்கே ஒன்றாகச் சேர்ப்போம். ஊர்ப்பெயர் போட்டால் ஊர்ச்சண்டை ஆகிவிடும், அதனால் ஒரு கற்பனைப் பாதை. க, ச, ட, த, ந, ப, ம, ய என்று எட்டு நிலையங்கள். நடுவில் த, ந, ப மூன்றும் மூடல். இந்தப் பக்கத்து ரயில் ட-வோடு திரும்பிவிடும், அந்தப் பக்கத்து ரயில் ம-வோடு திரும்பிவிடும். ட-வுக்கும் ம-வுக்கும் இடையே இணைப்பு பஸ். ச-வில் வேறொரு பாதை குறுக்கே போகிறது. அது ஊரைச் சுற்றிக்கொண்டு ய-வில் மறுபடி சேருகிறது.

என் கட்சி இதுதான்: நெரிசல் நேரத்தில் ட வரை போகாதீர்கள், ச-விலேயே மாறிவிடுங்கள். வரைபடத்தில் சுற்றுப்பாதை நீளமாகத் தெரியும். ஆனால் நேரத்தைத் தின்பது தூரம் இல்லை. ட-வின் பிளாட்பாரத்திலிருந்து தெருவுக்கு ஏற 4 நிமிடம். பஸ் நிற்கும் இடத்துக்கு 3. வரிசையில் 10 முதல் 20. பஸ்ஸில் நான்கு இடைவெளி, ஒவ்வொன்றும் 5 அல்லது 6 நிமிடம். ம-வில் கீழே இறங்க 4, ரயிலுக்கு நிற்க 3. கூட்டிப் பாருங்கள், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. வழக்கமாக அதே தூரம் ரயிலில் 8 நிமிடம். சுற்றுப்பாதை கூடுதலாக 25 நிமிடம் எடுத்தாலும் அதுதான் லாபம்.

#2 மழைக்குருவி

வேலை நடப்பது ந-வுக்குப் பக்கத்தில் 200 மீட்டர் தண்டவாளத்தில்தான் என்று அறிவிப்பிலேயே போட்டுவிடுகிறார்கள். பிறகு எதற்கு மூன்று ஸ்டேஷனை மூடுகிறார்கள்?

#3 தடமாற்றி

ரயில் நினைத்த இடத்தில் திரும்ப முடியாது, குருவி. ஒரு தண்டவாளத்திலிருந்து பக்கத்துத் தண்டவாளத்துக்கு மாற கிராஸ்ஓவர் வேண்டும். அது எல்லா ஸ்டேஷனிலும் இருக்காது. மூன்று நான்கு ஸ்டேஷனுக்கு ஒன்று இருந்தாலே நல்ல பாதை. த-விலும் ப-விலும் கிராஸ்ஓவர் இல்லாவிட்டால் ந-வில் ஒரு மீட்டர் வேலை நடந்தாலும் ட-வோடும் ம-வோடும்தான் நிறுத்தியாக வேண்டும். மின்சாரமும் அப்படித்தான். ரயிலுக்கு மின்சாரம் தருவது தரையில் ஓடும் மூன்றாம் தண்டவாளமோ மேல்கம்பியோ, துண்டுதுண்டாகப் பிரித்துத்தான் அணைக்க முடியும். அந்தத் துண்டின் எல்லை வேலை நடக்கும் இடத்தோடு ஒத்துப்போகாது.

இது தெரிந்திருப்பதில் ஒரு பயன் உண்டு. அடுத்த மாதம் அதே பாதையில் வேறு இடத்தில் வேலை என்றாலும் ரயில் அநேகமாக அதே ட-விலோ ம-விலோதான் திரும்பும். ஒரு முறை வழி கண்டுபிடித்து வைத்தால் திரும்பத் திரும்ப உதவும்.

அறிவிப்பைப் படிக்கும்போது இன்னொன்று. “ட முதல் ம வரை சேவை இல்லை” என்றால் ட-வும் ம-வும் மூடியிருக்கின்றன என்று பொருள் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் ரயில் ஓடாது, அவ்வளவுதான். மூடிய ந-வின் வழியாக இன்னொரு பாதையும் போகிறது என்றால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்: அந்தப் பாதையின் ரயில் நிற்கும், அல்லது நிற்காமல் கடந்து போகும், அல்லது நின்றாலும் ஒரு வாசல் மட்டும் திறந்திருக்கும். மூன்றுக்கும் அறிவிப்பில் ஒரே வரிதான் வித்தியாசம்.

#4 எட்டாம்நம்பர்

பஸ் ஏன் போதவே போதாது என்பதற்குக் கணக்கு.

ஆறு பெட்டி ரயிலில் நெரிசலில் சுமார் 1,000 பேர். 3 நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் மணிக்கு 20,000 பேர். 12 மீட்டர் பஸ்ஸில் திணித்தால் 75. மணிக்கு 267 பஸ் வேண்டும், 13 அல்லது 14 விநாடிக்கு ஒன்று. பஸ்களைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தாலும் நிறுத்த இடம்? ஒரு பஸ் நிறைய 75 விநாடி, அது விலகி அடுத்தது வந்து நிற்க 25 விநாடி. ஓர் இடத்தில் மணிக்கு 36 பஸ். வரிசையாக மூன்று பஸ் நிற்க இடம் இருந்தால் 108 பஸ், 8,100 பேர். மீதிப் பன்னிரண்டாயிரத்துக்கு வழியே இல்லை. அவர்கள் வேறு வழியாகப் போய்விடுவார்கள் என்று நம்பித்தான் திட்டமே போடப்படுகிறது. அந்த வேறு வழிக்காரராக நீங்கள் இருங்கள் என்கிறார் புலி.

இணைப்பு பஸ் இலவசமாக இருந்தால் எல்லாக் கதவுகளிலும் ஏற்றலாம், மேலே சொன்ன 75 விநாடி அப்போதுதான். முன்கதவில் ஒவ்வொருவராக கார்டு தட்டி ஏற வேண்டும் என்றால் அது இரட்டிப்புக்கும் மேல். இலவசம் என்று அறிவிப்பதில் கருணையைவிடக் கதவுக் கணக்குதான் அதிகம்.

#5 நடைராஜா

பஸ் பற்றியே பேசுகிறீர்கள். காலை மறந்துவிட்டீர்கள்.

சராசரி நடை நிமிடத்துக்கு 80 மீட்டர். நகர மையத்தில் ஸ்டேஷன்களுக்கு இடையே 800 மீட்டரிலிருந்து 1.2 கிலோமீட்டர் இருக்கும், அதாவது 10 முதல் 15 நிமிடம். உங்கள் வேலை த-வுக்குப் பக்கத்தில் என்றால் ட-வில் இறங்கி நடப்பது எந்த பஸ்ஸையும் ஜெயிக்கும். ந என்றால் ஏறக்குறைய சமம். மூன்றாவது ஸ்டேஷன் முதல் பஸ். இது வரிசை இல்லாத நேரத்துக்கு. வரிசை இருந்தால் ந-வும் நடைக்கே.

நேர்கோட்டுத் தூரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். 1.3 ஆல் பெருக்கினால்தான் தெருத்தூரம். நடுவில் ஆறு, ரயில் தண்டவாளம், விரைவுச்சாலை ஏதாவது இருந்தால் அந்தக் கணக்கும் போச்சு, கடக்கும் பாலம் எங்கே என்று முதலில் பாருங்கள். ட-வில் எந்த வாசல் வழியாக வெளியே வருகிறோம் என்பதும் முக்கியம். தவறான வாசலில் ஏறினால் பெரிய சாலையைக் கடக்கவே 5 நிமிடம் போய்விடும். வாசல் எண்ணை ரயிலுக்குள் இருக்கும்போதே பார்த்துவைத்து, அந்த முனைப் பெட்டியில் நில்லுங்கள்.

#6 சின்னமணி

புலி அண்ணன் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ட-வில்தான் இணைப்பு பஸ் புறப்படுகிறது. காலி பஸ், உட்கார இடம் கிடைக்கும். ச-வில் மாறினால் ஏற்கெனவே நிரம்பி வழியும் இன்னொரு பாதையில் தொங்கிக்கொண்டு போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில்தான் வருகிறது, அதில் முந்நூறு பேர். நான்கு பஸ்ஸில் முடிந்துவிடும். இதற்குப் போய் ஊரைச் சுற்றுவானேன்?

#7 கோட்டுப்புலி

ஞாயிறு மதியத்துக்கு நீங்கள் சொல்வது சரி, மணி. #1-இல் “நெரிசல் நேரத்தில்” என்று போட்டிருக்கிறேன், அதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்க வேண்டும். வார இறுதி மூடலில் பஸ்ஸே நல்லது. பல வாரம் நீளும் வேலைநாள் மூடலில் இல்லை.

லண்டன் உதாரணம் எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரி 15 முதல் மே நடுப்பகுதி வரை நார்தர்ன் பாதையின் பேங்க் கிளையில் கென்னிங்டனுக்கும் மூர்கேட்டுக்கும் இடையே ரயில் கிடையாது. ஆனால் அதே பாதையின் சேரிங் கிராஸ் கிளை ஓடிக்கொண்டிருந்தது. நான்கு மாதத்துக்கு நகர மையத்தின் நடுத்துண்டை மூட முடிந்ததே இணையான கிளை ஒன்று இருந்ததால்தான்.

பாஸ்டனில் 2022 ஆகஸ்ட் 19 இரவு முதல் 30 நாள் ஆரஞ்சுப் பாதை முழுவதையும் மூடினார்கள். இரு பக்கத்திலிருந்தும் வந்த முக்கிய இணைப்பு பஸ்கள் நகர மையத்தைக் குறுக்கே கடக்கவில்லை. பச்சைப் பாதை ஸ்டேஷன்களில் கொண்டுவந்து விட்டன. மையத்துக் குறுகிய தெருக்களில் அத்தனை பஸ்ஸை விட்டால் எல்லாமே நின்றுபோகும். ஆக, பஸ் நடத்துபவர்களே “வேறு பாதையில் மாறு” என்கிறார்கள்.

#8 எட்டாம்நம்பர்

மணி சொன்ன “காலி பஸ்” பாதி உண்மை. ட-விலிருந்து ம-வுக்குப் போகும்போது ட-வில் ஏறுபவருக்குத்தான் அது. த-விலோ ந-விலோ ஏற நிற்பவருக்கு நிறைந்த பஸ் கண்முன்னே நிற்காமல் போகும். அவர்கள் ஒன்றிரண்டு ஸ்டேஷன் பின்னோக்கி நடந்து புறப்படும் இடத்துக்கே போய்விடுவது மேல்.

சில இடங்களில் இரண்டு வகை பஸ் விடுவார்கள்: எல்லா ஸ்டேஷனிலும் நிற்பது, ட-விலிருந்து ம-வுக்கு நேராகப் போவது. இரண்டுக்கும் வரிசை தனித்தனி. நீளமான வரிசையில் போய் நின்றுவிடாமல் முதலில் பலகையைப் படிக்கவும். பெரும்பாலும் நேர் பஸ்ஸின் வரிசை சிறியதாக இருக்கும். அதற்குக் காரணம், ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

#9 அட்டவணைப்பித்தன்

மேப் ஆப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

ஆப் தானாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. போக்குவரத்து நிறுவனம் தரும் ஜி.டி.எஃப்.எஸ். என்ற அட்டவணைக் கோப்பைப் படிக்கிறது. திட்டமிட்ட மூடல் என்றால் அந்தத் தேதிகளுக்கு விதிவிலக்கு போட்டு ரயிலை நீக்க வேண்டும், இணைப்பு பஸ்ஸைத் தனி வழித்தடமாகச் சேர்க்க வேண்டும். இரண்டில் ஒன்றை மறந்தால் கூத்துதான். ரயிலை நீக்காவிட்டால் ஓடாத ரயிலில் ஏறச் சொல்லும். பஸ்ஸைச் சேர்க்காவிட்டால் 40 நிமிடம் நடக்கச் சொல்லும். மேலே சிவப்பில் ஓர் எச்சரிக்கை வருகிறதே, அது வேறு கோப்பு. எச்சரிக்கை வந்துவிட்டது என்பதால் கீழே உள்ள வழியும் திருத்தப்பட்டது என்று நம்பக் கூடாது.

சோதிக்க ஒரு வழி. புறப்படும் நேரத்தை “இப்போது” என்று விடாமல், மூடல் தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு ட-விலிருந்து ம-வுக்கு வழி கேளுங்கள். நேர் ரயில், 8 நிமிடம் என்று வந்தால் அந்த ஆப்பை அந்த நாட்களுக்கு மறந்துவிடுங்கள். பஸ்ஸோ சுற்றுப்பாதையோ வந்தால் கோப்பு திருத்தப்பட்டிருக்கிறது. ஆனால் அப்போதும் வரிசை நேரம் அதற்குத் தெரியாது. இணைப்பு பஸ்ஸுக்கு அது காட்டும் நேரத்தோடு நெரிசலில் 15 நிமிடம் கூட்டிக்கொள்ளவும்.

தேதிக் குழப்பம் இன்னொன்று. “சனி இரவு மூடல்” என்றால் ஞாயிறு அதிகாலை 1 மணியும் சனிக்கணக்கில்தான். ரயில்காரர்களின் நாள் நள்ளிரவில் முடியாது, கடைசி ரயிலோடு முடியும். அவர்கள் கோப்பில் அதிகாலை 1.30 என்பது 25:30 என்று இருக்கும். “இரவு 11 முதல்” என்று போட்டிருந்தால் எந்த இடத்தில் 11 என்று கேளுங்கள். 11 மணிக்கு வேலை தொடங்க வேண்டுமென்றால் அதற்குள் கடைசி ரயில் அந்தத் துண்டைக் கடந்து போயிருக்க வேண்டும். முதல் ஸ்டேஷனிலிருந்து அந்த ரயில் அரை மணிக்கு முன்பே கிளம்பியிருக்கும்.

#10 மழைக்குருவி

டிக்கெட்? சுற்றிப் போனால் கட்டணம் கூடாதா? நடுவில் வெளியே வந்து நடந்தால் இரண்டு பயணமாகக் கணக்காகாதா?

#11 கேட்கீப்பர்

கார்டு தட்டும் அமைப்புகளில் மூன்று இடத்தில் பணம் போகும்.

முதலாவது, உள்ளே போய்விட்டு ரயில் இல்லை என்று அதே ஸ்டேஷனில் வெளியே வருவது. பல அமைப்புகள் இதற்கும் கட்டணம் பிடிக்கும். பலகையைப் படித்துவிட்டுத் தட்டுங்கள், தட்டிவிட்டுப் படிக்காதீர்கள்.

இரண்டாவது, வெளியே வந்து வேறு ஸ்டேஷனுக்கு நடந்து உள்ளே போவது. சில ஜோடி ஸ்டேஷன்களை ஒரே பயணமாகச் சேர்த்துப் பார்க்கும்படி அமைத்திருப்பார்கள், ஆனால் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் மறுபடி தட்ட வேண்டும். மூடல் காலத்துக்கென்று கூடுதல் ஜோடிகள் சேர்ப்பதும் உண்டு. வழியில் டீ குடித்துக்கொண்டு நின்றால் நேரம் தாண்டி, இரண்டாவது கட்டணம் புதிதாகத் தொடங்கும்.

மூன்றாவதுதான் அதிகம் பேர் மாட்டுவது: காலையில் பிளாஸ்டிக் கார்டு, மாறும்போது போன். இரண்டும் ஒரே வங்கிக் கணக்கு என்றாலும் கேட்டுக்கு அவை இரண்டு வேறு எண்கள். இணைப்புச் சலுகையும் கிடைக்காது, நாள் உச்சவரம்பும் (ஒரு நாளில் இவ்வளவுக்கு மேல் பிடிக்காது என்ற வரம்பு) உடைந்துபோகும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பொருளைத் தட்டுங்கள்.

சுற்றிப் போவதால் பயணத்தின் அதிகபட்ச நேரமும் தாண்டலாம். மூடல் காலத்தில் அதைத் தளர்த்துவார்கள், எல்லோரும் அல்ல. கூடுதலாகப் பிடித்திருந்தால் தேதி, ஏறிய ஸ்டேஷன், இறங்கிய ஸ்டேஷன், கார்டின் கடைசி நான்கு இலக்கம் இவற்றோடு திரும்பக் கேட்கலாம்.

#12 தடமாற்றி

முழு மூடல் இல்லாமல் “ஒற்றைத் தடத்தில் இயக்கம்” என்று வந்தால் கதை வேறு. இரண்டு தண்டவாளத்தில் ஒன்றை மூடிவிட்டு, இரு திசை ரயிலும் மற்றொன்றில் மாறிமாறிப் போகும். ஒரு ரயில் அந்தத் துண்டைக் கடக்க 5 நிமிடம், பாதை மாற்றித் தர ஒன்றரை. எதிர்த்திசைக்கும் அதே. ஆக ஒரு சுற்று 13 நிமிடம், அதற்குள் ஒரு திசைக்கு ஒரு ரயில்தான். கொஞ்சம் தாமதத்துக்கு இடம் வைத்து அட்டவணையில் 15 அல்லது 20 என்று போடுவார்கள். நியூயார்க்கில் 2012 சாண்டி புயலில் வெள்ளம் புகுந்த கனார்ஸி சுரங்கத்தைச் சரிசெய்ய ‘எல்’ என்ற மெட்ரோ பாதையை 15 மாதம் மூடுவதாக இருந்தது. 2019 ஜனவரியில் திட்டத்தை மாற்றி, 2019 ஏப்ரலிலிருந்து ஓர் ஆண்டு இரவிலும் வார இறுதியிலும் சுரங்கத்தின் இரண்டு குழாய்களில் ஒன்றை மட்டும் மூடினார்கள். அங்கேயும் அந்த நேரங்களில் 20 நிமிடத்துக்கு ஒரு ரயில் என்ற கணக்குதான் வந்தது.

பயணிக்கு இதில் இரண்டு சிக்கல். ஒரே பிளாட்பாரத்துக்கு இரு திசை ரயிலும் வரும். பழக்கத்தில் ஏறிவிடாமல் ரயிலின் முகப்பில் எந்த ஊர் என்று பார்க்க வேண்டும். அடுத்து, ஒரு ரயிலைத் தவறவிட்டால் 20 நிமிடம் போச்சு. அதனால் அட்டவணை பார்க்காமல் கிளம்பும் பழக்கத்தை அந்த நாட்களில் விட்டுவிட வேண்டும்.

ஒரு திசையில் மட்டும் ந-வில் நிற்காது என்றால் கவலை வேண்டாம். ஒரு ஸ்டேஷன் தாண்டிப் போய் இறங்கி, எதிர்த்திசை ரயிலில் திரும்பி வாருங்கள். கேட்டுக்கு வெளியே வராமலே பிளாட்பாரம் மாற முடிகிற ஸ்டேஷனில் திரும்புங்கள். அதற்காக இரண்டு ஸ்டேஷன் தாண்டினாலும் பரவாயில்லை.

#13 சாய்தளம்

சக்கர நாற்காலியில் வருபவர், குழந்தைத் தள்ளுவண்டி, பெரிய பெட்டி இருந்தால் மேலே சொன்னவற்றில் பாதி மாறும்.

பஸ்ஸில் சக்கர நாற்காலிக்கு ஓரிரு இடம்தான். ஒரே ரயிலில் மூன்று பேர் வந்தால் மூன்றாமவர் அடுத்த பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். வரிசையில் நிற்காமல் ஊழியரிடம் நேரே போய்ச் சொல்லுங்கள், முதலில் ஏற்றுவதுதான் முறை. பஸ் நிற்கும் இடம் ஸ்டேஷன் வாசலிலேயே இருக்காது. நீள பஸ் திரும்ப அகலமான சாலை வேண்டும், அதனால் 200, 300 மீட்டர் தள்ளி இருக்கும். லிஃப்ட் வெளியே வரும் இடத்திலிருந்து அங்கே போக நடைபாதையில் படி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று: ட-வில் ரயில் திரும்பும்போது வழக்கமான பிளாட்பாரத்துக்கு வராமல் எதிர்ப் பிளாட்பாரத்துக்கு வரலாம். அங்கே லிஃப்ட் இல்லாமலோ பழுதாகவோ இருந்தால் மாட்டிக்கொள்வோம். அதற்காகவே ச-வில் மாறுவது நல்லது. அங்கே ரயில் வழக்கம்போல ஓடுகிறது, லிஃப்ட் எங்கே என்பது தெரிந்ததுதான். கிளம்பும் முன் லிஃப்ட் நிலவரப் பக்கத்தைப் பாருங்கள். ஒற்றைத் தட இயக்கத்திலும் இதே சிக்கல் வரும்.

விமான நிலையத்துக்குப் பெட்டியோடு போகிறவர்கள் இணைப்பு பஸ்ஸை நம்பவே வேண்டாம். விமான நிலைய பஸ் அல்லது டாக்ஸி. டாக்ஸியையும் ட-வின் வாசலில் பிடிக்காதீர்கள். ஆப்பில் கேட்பவர் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள், கட்டணமும் ஏறியிருக்கும், கார் உள்ளே நுழையவும் முடியாது.

#14 நடைராஜா

வாடகை சைக்கிளுக்கும் அதே விதி. காலையில் ம-வின் ஸ்டாண்டில் எல்லோரும் கொண்டுவந்து விடுவதால் காலி இடமே இருக்காது. ட-வில் எடுக்க சைக்கிளே இருக்காது. ஒரு ஸ்டாண்டு முன்னால் எடுத்து, ஒரு ஸ்டாண்டு முன்னால் விட்டுவிட்டு நடந்துவிடுங்கள். ஸ்டாண்டு நிறைந்திருந்தால் இயந்திரத்திலோ ஆப்பிலோ கூடுதல் நிமிடம் வாங்கும் வசதி பல அமைப்புகளில் உண்டு. அதைப் பயன்படுத்தாமல் அடுத்த ஸ்டாண்டைத் தேடி ஓட்டிக்கொண்டே இருந்தால் மீட்டர் ஓடும்.

#15 சின்னமணி

சரி, வேலைநாளுக்கு ச-வை ஒப்புக்கொள்கிறேன். மாலையில் திரும்பும்போது? அப்போது எல்லாம் தலைகீழ்தானே?

#16 கோட்டுப்புலி

தலைகீழ், ஆனால் காலை அளவு மோசம் இல்லை. காலையில் எல்லோரும் ஒரு மணி நேரத்துக்குள் வந்து குவிகிறார்கள், மாலையில் இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பரவுகிறார்கள். அதோடு மாலையில் ம-வின் பஸ் வரிசை திறந்தவெளியில் நீள்கிறது, சுரங்கத்துக்குள் அடைவதில்லை. காலையில்தான் ட-வில் படிக்கட்டு, எஸ்கலேட்டர் எல்லாம் நிறைந்து, பிளாட்பாரத்தில் இடம் இல்லாமல் அடுத்த ரயிலை வெளியிலேயே நிறுத்திவைப்பார்கள். அந்த ரயிலுக்குள் இருப்பவர் ட-வுக்கு 300 மீட்டர் முன்னால் பத்து நிமிடம் சும்மா நிற்க வேண்டியதுதான்.

கடைசி இணைப்பு பஸ் எப்போது என்பதை மட்டும் பார்த்துவைக்கவும். கடைசி ரயிலுக்காகக் காத்திருக்கும் என்று அறிவிப்பில் எழுதியிருந்தால் ஒழிய, காத்திருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

#17 அட்டவணைப்பித்தன்

மறுபடி திறக்கும் நாள் பற்றி ஒரு வார்த்தை. வார இறுதி மூடலுக்குப் பின் திங்கள் முதல் ரயிலைத்தான் நம்ப முடியாது. வேலை முடிந்ததும் ஆட்கள், கருவிகள் வெளியேறி, மின்சாரம் ஏற்றி, பயணிகள் இல்லாத ரயிலை விட்டுப் பார்த்த பிறகே திறப்பார்கள். இதில் எது தாமதமானாலும் முதல் ஒரு மணி நேரம் போய்விடும்.

நீண்ட மூடலில் நாளே தள்ளிப்போகும். சிங்கப்பூரில் 2024 செப்டம்பர் 25-இல் ஜூரோங் ஈஸ்ட் – புவன விஸ்தா துண்டு நின்றது. அது திட்டமிட்ட மூடல் அல்ல, ரயிலிலிருந்து கழன்ற பாகம் தண்டவாளத்தைச் சேதப்படுத்தியது. செப்டம்பர் 30-இல் திறக்கப் பார்த்தார்கள். சோதனை ஓட்டத்தில் தண்டவாளத்தில் புதிய விரிசல்கள் தெரிந்து அக்டோபர் 1-க்குத் தள்ளிப்போனது. சோதனை என்பது சடங்குக்காக இல்லை.

#18 மழைக்குருவி

அப்படியானால் திங்கள் காலை 6 மணி ரயிலுக்கு என்ன செய்வது? முந்தின நாள் இரவே பார்த்தால் தெரியுமா?

#19 அட்டவணைப்பித்தன்

இரவில் தெரியாது. சோதனை ரயில் அதிகாலையில்தான் ஓடும். கிளம்பும் முன் நேரலைப் பக்கத்தில் ட-விலிருந்து ம-வை நோக்கி உண்மையில் ஒரு ரயில் நகர்கிறதா என்று பாருங்கள். “நல்ல சேவை” என்ற பச்சை எழுத்தைப் பார்க்காதீர்கள், ரயிலைப் பாருங்கள். நகரவில்லை என்றால் அன்றும் ச-வில் இறங்குங்கள்.